ஸ்கேல் இல்லாமல் வெட்டும் ஒட்டுப்போர்வை

துண்டுத்துணிகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கு முன்கூட்டியே படம் வரைய வேண்டாம். வெட்டிய துண்டைப் பார்த்து அடுத்த துண்டை முடிவுசெய்தால் போதும். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாக இப்படித் தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை ஓவியம்போலச் சுவரில் தொங்கின.

திருநெல்வேலிப் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லை. வீரவநல்லூர்த் தறிச்சேலை, நைந்த வேட்டி, தையல்கடை வெட்டுத்துணி என எல்லாம் கிடைக்கும். கிடைத்ததையெல்லாம் சேர்த்தால்தான் கெடும். 3 நிறமும் வெளுத்த வேட்டியும் போதும். என்னைக் கேட்டால் கட்டம்போட்ட கைலிக்கு ஈடில்லை. கத்தரி கொஞ்சம் சாய்ந்தாலும் கட்டக்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். 2 இஞ்சுப் பட்டியின் ஒரு முனையில் கோடு ஓரத்தை ஒட்டி நிற்கும். மறுமுனையில் அரை இஞ்சு உள்ளே போயிருக்கும். அந்தச் சாய்வுதான் அழகு. எல்லாப் பட்டியும் சாய்ந்தால் அந்த அழகு போய்விடும், நாலுக்கு ஒன்று நேராக இருக்கட்டும்.

புதுத்துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் அது மட்டும் சுருங்கி, பக்கத்துப் பழந்துணியைச் சுருக்கு விழ இழுக்கும். சிவப்பின் மேல் ஈரமான வெள்ளைத்துணி வைத்து இஸ்திரி போட்டால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பதை நம்ப வேண்டாம்.

வெட்டு எப்படிக் கோணினாலும் தையல் ஓரம் கால் இஞ்சுதான், அதில் சலுகை கிடையாது. ஒவ்வொரு தையலும் அரை இஞ்சுத் துணியை விழுங்கும். 2 இஞ்சுப் பட்டி 10 சேர்த்தால் 20 வராது, 15½ தான் வரும். துணி போதாமல் போவது பெரும்பாலும் இந்தக் கணக்கை மறப்பதால்தான். பட்டிகளைச் சேர்த்துத் தைத்த சதுரத்துண்டு 12½ இஞ்சுக்கு எட்டவில்லையா? ஓரத்தில் இன்னொரு பட்டி சேர்த்துத் தைத்து, பிறகு சதுரமாக வெட்டுங்கள். மற்ற சதுரங்களோடு சேர்த்துத் தைத்தபின் 12 இஞ்சு நிற்கும். குறுக்கே 5 சதுரம், நெடுக்கே 7 சதுரம் வைத்தால் போர்வை 60க்கு 84 இஞ்சு.

வளைவுக்கு, இரண்டு துணியையும் நல்லபக்கம் மேலாக 3 இஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, குண்டூசி குத்தி, இரண்டையும் சேர்த்தே வெட்டவேண்டும். மிஞ்சிய இரு கீற்றையும் எடுத்துவிட்டு, நல்லபக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து மெதுவாகத் தையுங்கள். குளத்துக்கரைபோல நீண்ட வளைவாக இருந்தால் படியும். திடீரென்று திரும்பினால் சுருங்கிக்கொள்ளும்.

சாய்த்து வெட்டிய ஓரம் கிராஸ் (இழைக்குச் சாய்வான வெட்டு) ஆகிவிடுவதால் ரப்பர்போல நீளும். இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் ஓரம் அலையலையாகும். அதன்மேல் பார்டரை இழுத்துத் தைத்தால் போர்வை தரையில் படியவே படியாது. நடுவில் 3 இடத்தில் அளந்து, சராசரி நீளத்துக்குப் பார்டரை முதலில் வெட்டிக்கொண்டு, அதற்குள் ஓரத்தை அடக்குங்கள்.

துண்டுகளைத் தரையில் பரப்பினால் ஆடிக்காற்று விட்டுவைக்காது. சுவரில் பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டால் பருத்தித்துணி தானே ஒட்டிக்கொள்ளும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அடர்நிறம் ஒரே மூலையில் குவிந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.

நம்ம வெக்கைக்குப் பாலியஸ்டர் திணிப்பு ஆகாது. உள்ளே பழைய வேட்டி 2 மடிப்பு போதும். அடித்துணி நாலுபக்கமும் 3 இஞ்சு கூடுதலாக இருக்கவேண்டும். எல்லா அடுக்கையும் சேர்த்து நூலோட்டம் (தற்காலிகமான நீண்ட தையல்) போட்டு, நடுவிலிருந்து வெளியே 3 இஞ்சு இடைவெளியில் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்தில் தொடங்கினால் துணியெல்லாம் நடுவுக்குத் தள்ளிக்கொண்டுபோய் அங்கே மடிப்பு விழும், பிரித்துத்தான் தைக்கவேண்டும்.