வேளிமலையில் நாங்கள் பெண் வீட்டார்

பேத்திக்கு வரன் அமைந்தால் வேளிமலைக் குமாரகோவில் வள்ளிக்குப் பட்டு சாத்துவதாக நேர்ந்துகொண்டவள் அம்மா. வரன் அமைந்துவிட்டது, அதுவும் இத்தனை வருஷ அலைச்சலுக்குப் பிறகு. ஆனால் அம்மாவின் முழங்கால் மலைக்கோயிலுக்கு வர மறுத்துவிட்டதால் நேர்ச்சையைச் செலுத்தும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. அனுப்பும்போது கறாராகச் சொன்னாள்: “பங்குனி அனுஷத்தன்னைக்குத்தான் போகணும். பட்ட வெறுமன நீட்டக் கூடாது மக்களே. அன்னைக்கு அது வள்ளி கல்யாண வீடு, நாம பெண் வீட்டு ஆளு. வெத்தல பாக்கு, பழம், பூ வச்சு சீராக் கொண்டு போ.”

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகிற சாலையில், தக்கலைக்குச் சற்று முன்னால் பிரிகிறது குமாரகோவில் வழி. சாதாரண நாளில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். அன்றைக்கு வண்டி நகரவில்லை. பாதி வழியிலேயே ஒருவர் கையை ஆட்டி நிறுத்தி, “இதுக்கு மேல விடமாட்டாங்க, இங்கேயே போடுங்க” என்று காசு வாங்கிக்கொண்டார். நடந்து போனால் கோயில் குளத்துக்குப் பக்கத்திலேயே இடம் காலியாகக் கிடக்கிறது! அர்ச்சனைத் தட்டு விற்கிறவர்கள் தோளைத் தொட்டே கூப்பிடுகிறார்கள். சீர்த்தட்டைச் சுமந்து வந்த தம்பியிடம், “இதெல்லாம் உள்ள வாங்கமாட்டாங்க, எங்கிட்ட வாங்குங்க” என்று ஒருவர் மல்லுக்கே நின்றார். தாய்மாமன் கையில் இருக்கிற தட்டை யார் வாங்கமாட்டார்கள்? சரி, அவர்களுக்கும் திருவிழா நாளில்தானே நாலு காசு.

குமாரகோவிலில் முருகனுக்குப் பக்கத்தில் வள்ளி மட்டும்தான். தெய்வானை கிடையாது. எட்டரை அடிக்கும் மேலே ஓங்கி நிற்கிறான் முருகன், ஆறடிக்கு மேல் வளர்ந்து பக்கத்தில் நிற்கிறாள் வேடன் மகள். மற்ற கோயில்களில் அவன் வீட்டுக்கு வந்தவள் அவள். இங்கே அவள் மலைக்கு அவன் வந்திருக்கிறான். கிழவனாகவும் வேங்கை மரமாகவும் வேஷம் போட்டு, தினைப்புனத்துக் காவல்காரியிடம் தேனும் தினைமாவும் கேட்டுக் கை நீட்டி நின்றவன்தானே! அம்மா எப்போதும் சொல்வாள்: “முருகன் அங்க மாப்பிள்ளதான். வீட்டுக்காரி அவ.”

அம்மா அப்படிச் சொல்வதற்கு எங்கள் ஊர்க் காரணமும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் 1926-ல் சட்டம் வந்து மாற்றும்வரை மருமக்கள் வழிதான். சொத்து தாய் வழியாக இறங்கும். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. ஆனால் அவளே ஒரு கொட்டும் வைப்பாள்: “பேருக்குத்தான் பெண் வழி. பத்தாயத்துச் சாவி காரணவர் மடியில.” காரணவர் என்றால் குடும்பத் தலைவரான தாய்மாமன். வேடர் குடியிலும் ராஜா என்னவோ வள்ளியின் அப்பா நம்பிராஜன்தான். ஆனால் அந்தக் குடியின் பெயரைச் சொல்ல இன்றைக்கும் வள்ளிதான் இருக்கிறாள்.

காலையிலேயே சுவாமி பெண் பார்க்க மலைக்குக் கிளம்பிவிட்டார். பின்னாலேயே நாங்களும் ஏறினோம். பங்குனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாறையில் கால் வைத்தால் சுரீர் என்கிறது. பாதி வழியில் என் வீட்டுக்காரர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மேலே கல்யாண மண்டபத்தருகே கஞ்சி வாங்க நின்ற வரிசையில் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எப்படியோ வாங்கிக் குடித்தோம். சூடான கஞ்சி, உச்சி வெயில், ஆனாலும் உடம்பு குளிர்ந்துதான் போனது. எப்படி என்று கேட்காதீர்கள்.

பிற்பகலில் வள்ளியை அழைத்துக்கொண்டு சுவாமி இறங்கும்போது தொடங்கியது குறவர் படுகளம். நான் சொல்ல வந்ததே இதைத்தான். பெண்ணைக் கேட்காமல் கொண்டுபோகிறாயா என்று வழியெல்லாம் மறிக்கிறார்கள் வள்ளியின் ஆட்கள். பாய்கிறார்கள், விழுகிறார்கள், எழுந்து ஓடி மறுபடியும் முன்னால் வந்து மறிக்கிறார்கள். தோற்போம் என்று தெரிந்தே வருகிற பெண் வீட்டார். கூட்டத்தில் நசுங்கி ஒரு ஓரத்தில் ஒதுங்கிய எங்கள் காலடியிலேயே ஒருவர் வந்து விழுந்தார். வியர்வை முதுகெல்லாம் மண் அப்பியிருந்தது, மூச்சு வாங்கி விலா ஏறி இறங்கியது. செத்துக் கிடப்பவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து சுவாமி தாண்டிப் போயிற்றா என்று பார்த்தார். என் மகளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது.

புராணத்தில் சேவல் கூவியதும் நம்பிராஜனும் கூட்டமும் மாண்டு விழுகிறார்கள். அங்கேயே கதை முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. அப்பாவையும் அண்ணன்மாரையும் பிணமாகப் பார்த்து அழுகிறாள் வள்ளி. எழுப்பும் வல்லமை உள்ளவன் தான் எழுப்பாமல், நீயே எழுப்பு என்கிறான். அவள் “எழுக” என்றதும் அத்தனை பேரும் எழுகிறார்கள். தாய்வீட்டை இழந்துவிட்டு அவள் அவனோடு போகவில்லை. உயிரோடு நிற்க வைத்துவிட்டுத்தான் போனாள். எங்கள் காலடியில் கிடந்தவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து அடுத்த மறியலுக்கு ஓடியபோது, “வள்ளியம்மா, என் பிள்ளைக்கும் ரெண்டு வீடும் நிக்கணும்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் யாரோ, “நிக்கும் மக்களே, நிக்கும்” என்றார்.

சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் எயினர்கள் தங்கள் குலக் குமரி ஒருத்திக்குப் பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டி, புலிப்பல் தாலி கட்டி, புலித்தோல் உடுத்தி, கையில் வில் கொடுத்துக் கொற்றவையாகவே நிறுத்திக் கும்பிடுவார்கள். வேட்டைக்காரர் கூட்டம் சொந்த வீட்டுப் பெண்ணின் முன்னால் கைகூப்புகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது மனசில் ஏறவில்லை. அன்றைக்கு அந்தப் புழுதியில் நின்றபோதுதான் ஏறியது.

சொல்லப்போனால் இந்த முருகனுக்கே பெண்களுக்குத் துணை போய்ப் பழக்கம்தான். நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் புறப்படும் பத்மநாபபுரம் சரஸ்வதிக்கும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனுக்கும் கூடவே போவது வேளிமலைக் குமாரசுவாமிதான். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1840-ல் தொடங்கிய வழக்கம்.

இரவு கல்யாணம். அந்த நெரிசலைப் பற்றி எழுதினால் இன்னொரு பக்கம் வேண்டும். முன்னால் நின்றவர்கள் எல்லாம் கையைத் தூக்கி செல்போனில் படம் பிடித்தபடி இருந்ததால் எனக்குத் திரைகள்தான் தெரிந்தன. தாலி கட்டியதைக் கெட்டிமேளச் சத்தத்தில்தான் உணர்ந்தேன். அப்புறம் எங்கிருந்தோ ஒரு இடைவெளி. மகளை முன்னால் தள்ளினேன். பூசை செய்யும் போற்றி பட்டை வாங்கி, பெயர் கேட்டு, வள்ளியின் காலடியில் வைத்தார். மஞ்சளும் பூவுமாக அந்த முகம்! என் பெண்ணையும் அவளையும் ஒரே பார்வையில் பார்த்தேன். என்ன வேண்டினேன் என்று இப்போது கேட்டால் ஒன்றும் நினைவில்லை. அழுதது மட்டும் தெரியும். பத்துப் பொருத்தம் பார்த்தும் தட்டிப்போன ஜாதகத்தை அவள்தான் சேர்த்துவைத்தாள், வேறு யார்? என் தாயே, உனக்கு எத்தனை பட்டு சாத்தினாலும் போதாது.

தேனும் தினைமாவும் கொஞ்சம் கிடைத்தது, பொட்டலம் கட்டிக்கொண்டேன். வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கூட்டம் எப்படி, சாப்பிட்டீர்களா என்று எதுவும் கேட்கவில்லை அவள்.

“எந்தப் பக்கம் நின்னு குடுத்தியோ?”

“பெண் வீட்டுப் பக்கம்தான்மா.”

“சரி மக்களே. மருமகனுக்குத் தினைமாவு இருக்கா, இல்ல தம்பி தின்னுட்டானா?”