திருப்பிப் பார்க்காத பாதம்

"அக்கா, பாதத்தைப் பார்த்துட்டீங்களா?" என்றுதான் கேட்டாள், பாலைவன எலிகளைப் பிடித்து இனம் பதிகிற வேலையில் எனக்குக் குறிப்பெழுதியவள். பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள். "இது மணல்மேட்டுப் பொறிதானே, மயிர்ப்பாதம்னே எழுதிக்கோ" என்றேன். எழுதிக்கொண்டாள். நான் துணிப்பையின் வாயைத் திறந்துவிட்டேன். இரண்டு தாவல், எலி புதருக்குள் போய்விட்டது.

ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை.

ஜெய்சால்மர் பக்கத்துக் குளிர்கால விடியல். இரவில் விழுந்த எலியைத் தகரப் பொறிக்குள் அதிக நேரம் வைத்திருந்தால் விறைத்துப் போகும். பையோடு 22 கிராம்கூட இல்லாத உயிர் அது. கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. வாலைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. நுனியில் பிடித்தால் தோல் உறைபோல உரிந்து கையோடு வந்துவிடும். பிடரியைப் பிடித்து, மல்லாத்தி, பின்னங்காலை விரித்து வெளிச்சத்தில் காட்ட அரை நிமிடம் பிடிக்கும். அந்த அரை நிமிடத்தை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு அதே குளிரில் அதே எலி கையில் இருந்தாலும் சீக்கிரம் விடத்தான் தோன்றும்.

ஆனால் அந்தப் பாதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. தார் பாலைவனத்தில் மற்ற எலிகளைப் பிரித்தறிவது சிரமமில்லை. இந்திய ஜெர்பில் என்கிற எலி பார்த்தவுடனே பெரிது. பாலைவன ஜெர்ட் என்கிற எலி பகலில் நடமாடுவது, நகம் கறுத்திருக்கும். சிக்கல் சின்ன இரண்டில்தான். அறிவியல் பெயரில் கெர்பில்லஸ் கிளீடோவி, கெர்பில்லஸ் நானஸ். கிளீடோவியைத்தான் நாங்கள் 'மயிர்ப்பாதம்' என்போம். இரண்டுக்கும் மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, உடலைவிட நீளமான வால். எடையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கிளீடோவியின் உள்ளங்காலில் மயிர் இருக்கும், பொலபொல மணலில் புதையாமல் ஓட உதவுவது. நானஸுக்கு உள்ளங்கால் வழுக்கை. முதல் தடவை கிளீடோவியின் பாதத்தைக் கைவிளக்கில் பார்த்தது நினைவிருக்கிறது. குதிகாலிலிருந்து விரலடி வரை மெல்லிய வெள்ளை மயிர், அதனிடையே மணல் துகள்கள் சிக்கி மின்னின. பூனைக்குட்டியின் காதுக்குள் பார்ப்பதுபோல இருந்தது.

நானஸுக்கு 1875இல் பிளான்ஃபோர்டும், கிளீடோவிக்கு 1886இல் மர்ரியும் என்று இரண்டு இயற்கையியலாளர்கள் பெயர் வைத்தார்கள். அவர்களிடம் தோலும் மண்டையோடும் இருந்தன, எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம். என்னிடம் இருந்தது நடுங்குகிற ஒன்று. அன்று இரவு இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், சமாதானமாகவும் இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் அங்கே போனதே எந்த இனம் எந்த மண்ணில் இருக்கிறது என்று பார்க்கத்தான். மணல்மேட்டில் கிளீடோவி, சரளை கலந்த இறுகிய தரையில் நானஸ் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்பதுதான் எங்கள் கேள்வி. நானோ மண்ணைப் பார்த்து இனத்தை எழுதச் சொல்லியிருக்கிறேன். விடையைக் கேள்விக்குள் நானே வைத்துவிட்டு, பிறகு எடுத்துக் கொடுத்ததுபோல. போதாததற்கு, அந்தப் பொறி மேட்டின் உச்சியில் இல்லை, அடிவாரத்தில், மணல் முடிந்து சரளை தொடங்குகிற இடத்தில். இரண்டில் எதுவும் விழுந்திருக்கலாம். நாங்கள் தேடிப் போனதே அப்படிப்பட்ட இடத்தைத்தான்.

நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரு வரிதானே என்று விட்டுவிடலாம். ஒரு வரியால் முடிவு மாறாது, அது தெரியும். ஆனால் மற்ற வரிகளில் எத்தனை பாதங்களை உண்மையாகவே பார்த்தேன் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவள் கேட்டது இந்த ஒன்றைப் பற்றி. கேட்காத நாட்களும் இருந்தன. 'கெர்பில்லஸ், இனம் தெரியவில்லை' என்று திருத்தியிருக்கலாம். தாளைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். அந்த வரியை மட்டும் திருத்தினால் மற்றவற்றுக்கெல்லாம் நான் சாட்சி சொன்னதாகிவிடும் என்று தோன்றியது. அது நேர்மையா, பயமா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவளும் அதற்குப் பிறகு என்னிடம் பாதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டாள். வேலை வேகமாக நடந்தது.

ஒரு புகைப்படம் இருக்கிறது. பையின் மடிப்புக்குள் பாதி உடம்பு, கண், மீசை, வால் எல்லாம் தெளிவு. பின்னங்கால் துணிக்கு அடியில். குதிகாலின் ஓரம் மட்டும் வெளியே தெரிகிறது, அதில் வெள்ளையாக ஏதோ ஒரு கோடு. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அது மயிரா, பக்கவாட்டில் விழுந்த வெயிலா என்று தெரியவில்லை.