அஸ்திவாரக் குழியிலிருந்து மூன்று பை: கல் மண்ணாவதைப் பார்த்த ஏழு வாரம்

பக்கத்து மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள். பெங்களூரு அல்சூரில் எங்கள் சந்து குறுகல், மாடிப்படியில் நின்றாலே குழி முழுக்கத் தெரியும். மேலே ஓர் அடிக்குக் கருத்த மண்ணும் ஓட்டுச் சில்லும், அதற்குக் கீழே ஆளுயரத்துக்குச் செம்மண், அதற்கும் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று. பார்வைக்குப் பாறை மாதிரியே வரி வரியாக இருக்கிறது, கடப்பாரை பட்டால் பொலபொலவென்று உதிர்கிறது. மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர். "இது கல்லா மண்ணா மேஸ்திரி?" என்று கேட்டேன். "கல்லாத்தான் சார் இருந்துச்சு, இப்ப கிராவல் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு அடி போனா பிரேக்கர் இல்லாம ஆகாது" என்றார்.

பாறை சிதைந்து மண்ணாகிறது என்று பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் அந்த மாற்றத்தின் தொடக்கமும் நடுவும் முடிவும் ஒரே குழியில், ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. மேஸ்திரியிடம் கேட்டு மூன்று பை எடுத்துக்கொண்டேன்: செம்மண் ஒன்று, கிராவல் ஒன்று, நான்கு நாள் கழித்து அடியில் பிரேக்கர் போட்டு உடைத்த புதுக் கல் ஒன்று.

முதல் வாரம். ஊறுகாய் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு செம்மண், மீதிக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்தேன். சரியாக வரவில்லை. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாக மணலோடு சேர்ந்தே இறங்கிவிட்டன, எந்த அடுக்கும் பிரிந்து தெரியவில்லை. இரண்டாம் தடவை கட்டிகளை நசுக்கி, சலித்து, ஒரு ஸ்பூன் துணி சோப்புத்தூள் போட்டு, ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கினேன். சோப்பு அந்தத் துகள்களை ஒட்டவிடாமல் பிரித்து வைக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்தது, பாட்டிலில் பேனாவால் கோடு போட்டேன். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் மெல்லிய வண்டல், இன்னொரு கோடு. களி மட்டும் இறங்கவே மாட்டேன் என்றது. நான்காம் நாளும் தண்ணீர் டீ நிறத்தில்தான் இருந்தது, ஒன்பதாம் நாள்தான் மேலே தெளிந்தது. மொத்தம் 10 செ.மீ.யில் மணல் ஐந்தரை, வண்டல் ஒன்றரை, களி மூன்று. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பாட்டிலை ஆடாத இடத்தில் வையுங்கள். அம்மா துடைப்பதற்காக ஒரு முறை நகர்த்தியதில் நான் மூன்று நாள் திரும்பக் காத்திருந்தேன்.

மூன்றாம் வாரம் ஞாயிறு காலை லால்பாக். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற அந்தப் பாறைமேல் சின்ன வயதில் ஓடி விளையாடியிருக்கிறேன், குனிந்து பார்த்தது இப்போதுதான். இது நைஸ் என்ற வகை, பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். பூமிக்கே வயது 454 கோடிதான் என்று சேர்த்து நினைத்துப் பாருங்கள். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமான இந்தப் பாறைக்கு 'தீபகற்ப நைஸ்' என்று பெயர், 1975இல் இந்தப் பாறையை இந்திய நிலவியல் ஆய்வு மையம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்தது. பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு சில்லுகூடப் பெயர்க்கக் கூடாது, அதனால் கையில் வெறும் உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டும். வெள்ளை வரி, கறுப்பு வரி, நடுவே இளஞ்சிவப்பு. எங்கள் குழியில் எடுத்த புதுக் கல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே வரிகள், அதே நிறங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, எங்கள் வீட்டுக்குக் கீழேயும் அந்தப் பாறைதான் படுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து செய்ததுதான் இந்த ஏழு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை. புதுக் கல்லில் மூன்று விஷயங்கள் தெளிவாகத் தெரியும்: கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் குவார்ட்ஸ் (ஊரில் வெங்கச்சாங்கல் என்போமே, அது), பால்வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஃபெல்ட்ஸ்பார், அப்புறம் தகடு தகடாக உரியும் கறுப்புக் காக்காப்பொன். மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடினால் கடினம் கூடுதல்) குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6, பாட்டில் கண்ணாடி ஐந்தரை அளவில். அதனால் புதுக் கல்லின் வெள்ளைப் பகுதியால் பழைய பாட்டிலில் இழுத்தால் கீறல் விழுந்தது. அடுத்து கிராவல் கட்டி. அதே வரி, அதே வரிசை, அந்த வெள்ளை இருந்த இடத்தில் வெள்ளையே இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. விரலில் கோலமாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. கண்ணாடியைக் கீறிய பொருள் அதே இடத்தில் இருந்தபடியே மாவாகிப் போயிருக்கிறது!

காரணம் மழைதான். காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மழைநீர் லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது, ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போக, மிஞ்சுவது வெள்ளைக் களி. காக்காப்பொன்னில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது, அந்தத் துருதான் செம்மண்ணின் சிவப்பு. குவார்ட்ஸை அந்த அமிலம் ஒன்றும் செய்வதில்லை, அது மணலாக அப்படியே நிற்கிறது. ஆக என் ஊறுகாய் பாட்டிலில் அடியில் இருக்கும் மணல் பெரும்பாலும் பாறையின் குவார்ட்ஸ், மேலே இருக்கும் களி பழைய ஃபெல்ட்ஸ்பார், அதன் நிறம் காக்காப்பொன் தந்தது. இது புரிந்த பிறகு அந்தப் பாட்டிலைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது.

இதே உருப்பெருக்கிக் கண்ணாடியில் மேஸ்திரி குவித்து வைத்திருந்த எம்-சாண்டையும் பார்த்தேன். மணிகள் கூர் கூராக இருந்தன, குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பாரும் காக்காப்பொன்னும் சிதையாமல் அப்படியே கலந்து கிடந்தன. குவாரிக் கல்லை இயந்திரத்தில் அரைத்தது, மழை அதைத் தொடவில்லை. ஆற்று மணல் அப்படியில்லை, நெடுந்தூரம் உருண்டு முனை மழுங்கி வந்தது. காவிரியில் லாரி லாரியாக அள்ளியது எவ்வளவு காலத்து உழைப்பு என்று நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. எம்-சாண்ட் வந்தது நல்லதுதான், ஆனால் அதற்கும் எங்கோ ஒரு குன்று கரைகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து மண் அரிப்புச் சோதனை. இரண்டு பிளாஸ்டிக் டிரேயில் அதே செம்மண். ஒன்றில் முதல் வாரமே அருகம்புல் நட்டு வைத்திருந்தேன், இன்னொன்று வெறும் மண். தலைப்பக்கம் ஒரு செங்கல் வைத்துச் சாய்த்து, பூவாளியில் தலா 2 லிட்டர் தண்ணீர், ஒரே உயரத்திலிருந்து. வெறும் மண்ணில் முதல் அரை நிமிடத்திலேயே துளி விழுந்த இடமெல்லாம் சிறு பள்ளம், பள்ளங்கள் சேர்ந்து விரல் அகலத்துக்கு ஓடை, ஓடை வழியாகச் சிவப்புத் தண்ணீர். புல் டிரேயில் கிட்டத்தட்ட தெளிந்த நீர்தான் வந்தது, வந்ததும் மெதுவாக, குறைவாக. வழிந்ததைத் தெளியவைத்துக் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். வெறும் மண்ணிலிருந்து 94 கிராம், புல்லிலிருந்து 7. ஏழாம் வாரம் வெறும் மண்மேல் காய்ந்த மாவிலை பரப்பித் திரும்பச் செய்தேன், 19 கிராம். வேர்கூட இல்லை, துளி நேராக மண்ணில் விழாமல் தடுத்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

ஓர் அங்குல மண் சேர நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். போன வெள்ளிக்கிழமை மழையில் அந்தக் குழியோரம் குவித்திருந்த செம்மண் சந்து நீளத்துக்கு ஓடிச் சாக்கடையில் இறங்கியதை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை மேஸ்திரியிடம் டிரே கணக்கைச் சொன்னேன். மதியம் மீதிக் குவியல்மேல் தார்ப்பாய் போட்டிருந்தார், நாலு மூலையிலும் பிரேக்கரில் உடைத்த அந்தக் கல்லையே வைத்து.