பதிலீட்டுடன்

“பதிலீட்டுடன் என்று எழுதிவிட்டீர்களா, சேர்?”

கணித டீச்சர் இடமாற்றம் கேட்டுக் கொடுத்த படிவத்தில், பதிலுக்கு ஒருவர் வந்த பிறகே விடுவிக்கலாம் என்ற பொருளில், அதிபரான நான் எழுதிய சொல் அது. டீச்சர் படிவத்தைக் கையில் எடுக்கவில்லை. மேசையில் கிடந்ததைத் தலைகீழாகவே வாசித்துவிட்டார். தரம் 11 பிள்ளைகளுக்கு டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை இருக்கிறதே என்றேன். சிறிது நேரம் நின்றார். பிறகு, “இங்கே கணித ஆசிரியர் இல்லாமல் போவதற்கு நானா காரணம்?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டார்.

இது 2017 மே மாதத்தில் நடந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் பல பதில்கள் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் எனக்குள்தான்.

அவர் இலங்கையின் வடக்கிலிருந்து எங்கள் மலையகப் பாடசாலைக்கு வந்தவர். கஷ்டப் பிரதேசத்தில் செய்ய வேண்டிய சேவைக்காலத்தை முடித்து, அதற்கு மேலும் ஓராண்டு இருந்தார். ஊரில் தாய் பக்கவாதத்தில் படுத்திருந்தார். எங்கள் பாடசாலையில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மட்டும்தான். இடைவேளையில் அங்கே நின்று, “அம்மா, மருந்து குடித்தீர்களா?” என்று அவர் உரத்துக் கேட்பது அலுவலகம் வரை கேட்கும். படிவத்தில் நான் எழுதிய நாளுக்குப் பிறகு தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பேசத் தொடங்கினார்.

மாகாணம் விட்டு மாகாணம் போகும் இடமாற்றம் எப்படி நகரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அதிபர், வலயக் கல்வி அலுவலகம், கண்டியிலுள்ள மாகாணக் கல்வித் திணைக்களம், அதன்பின் போக வேண்டிய மாகாணத்தின் சம்மதம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு எங்களைப் போன்ற பாடசாலைகள் மாகாணத்தின் கைக்கு வந்தன. தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கீழ் இருக்கின்றன. ஆசிரியர் வெற்றிடம் யார் பொறுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டும். கடைசியில் அந்த வெற்றிடத்தை ஒரு மனிதரின் தலையில் இறக்கிவைக்கும் சொல்தான் ‘பதிலீட்டுடன்’. பதிலீடு தேட வேண்டியவர் டீச்சர் அல்ல. அது வரும்வரை காத்திருக்க வேண்டியவர் மட்டும் அவர்.

ஆனாலும் நான் பொய் எழுதவில்லை. நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்ற பிறகு படித்த தலைமுறை. என் வகுப்பில் ஒரு தவணை முழுவதும் கணித பாடத்துக்கு யாரும் வரவில்லை. நேரசூசியில் பாடம் இருந்தது, கரும்பலகை வெறுமையாக இருந்தது. என்னோடு இருந்த பையன்களில் பெரும்பாலானோர் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் அத்தோடு படிப்பு நின்றுவிடும். பேனாவை எடுத்தபோது அந்தக் கரும்பலகைதான் கண்ணில் நின்றது. அது தவறா?

இப்படிச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் இன்னொன்று நினைவுக்கு வந்து என்னை நிறுத்துகிறது. அதே ஆண்டில் எங்களிடமிருந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவரின் படிவத்திலும் நான் இதே சொல்லை எழுதினேன். மூன்று வாரத்தில் அவரை உடனே விடுவிக்கும்படி மேலிருந்து கடிதம் வந்தது. யாரைப் பிடித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். பதிலீடு வரவில்லை. நான் மறுத்து ஒரு வரிகூட எழுதவில்லை. அப்படியானால் என் நிபந்தனை, பிடிக்க ஆளில்லாத ஒருவரை மட்டும் கட்டிவைத்த கயிறுதானே? பிள்ளைகளுக்காக எழுதினேன் என்று அப்போதும் சொல்லலாமா? சொல்லலாம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் தோன்றாது.

டீச்சர் டிசம்பர் வரை ஒரு பாடம்கூடத் தவறவிடவில்லை, நவம்பரில் எடுத்த ஐந்து நாள் விடுமுறையைத் தவிர. அந்த ஐந்து நாளும் தாய்க்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்ததால்தான். திரும்பி வந்தபோது, “அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது, சேர்” என்று மட்டும் சொன்னார். நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. சொல்லத்தக்கதாக எதையும் சொல்லியிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கம் போகவில்லை.

ஜனவரியில் நானே வலயத்துக்குப் போய், பதிலீடு இல்லாமலே விடுவிக்கச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரியில் முடிந்தது மே மாதத்தில் ஏன் முடியவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பாடசாலையின் அன்றாடப் பதிவேடான லொக் புத்தகத்தில், ‘ஆசிரியை இன்று விடுவிக்கப்பட்டார்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பெறுபேறு வந்தபோது கணிதத்தில் 23 பேரில் 14 பேர் தேறியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 6 பேர். அந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்தேன். அதே எண்ணைக் காட்டி அவர் முன்னால் நிற்க என்னால் முடியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த 14 பேரில் ஒருத்தி நற்சான்றிதழ் வாங்க வந்தாள். ஹட்டனுக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சருக்குக் கடிதம் எழுத வேண்டும், முகவரி தாருங்கள் சேர் என்றாள். கோப்பைத் திறந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன். நானும் விசாரித்ததாக எழுது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.