சிப்பாய் நகரும்வரை ரூக்கை இறக்க வேண்டாம்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பாடசாலை மண்டபங்களில் நடக்கும் செஸ் போட்டிகளில், மற்றவர்கள் எல்லாம் எழும்பிப் போன பிறகும் ஒரு பலகை ஓடிக்கொண்டிருக்கும். ஆளுக்கொரு ரூக் (கோட்டைக் காய்), ஒருவரிடம் மட்டும் ஒரு சிப்பாய். சமநிலையில் முடிய வேண்டியதைப் பிள்ளைகள் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பலகையில் வைத்துப் பாருங்கள். எழுத்து மேல்கீழான நிரல், எண் குறுக்கு வரிசை. வெள்ளை: ராஜா டி5, சிப்பாய் ஈ5, ரூக் ஏ7. கறுப்பு (நாம்): ராஜா ஈ8, ரூக் பி6. இங்கே கறுப்பு சமநிலை பிடிக்கும் தற்காப்பைத் தன் செஸ் நூலின் 1777ஆம் ஆண்டுப் பதிப்பில் விளக்கியவர் பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர். (ஆள் தொழிலால் இசையமைப்பாளர்.)

பி6 ரூக்கின் வேலை, வெள்ளை ராஜாவை ஆறாம் வரிசையில் ஏறவிடாமல் மறிப்பது. வெள்ளை சும்மா அசைந்தால் நாமும் அதே வரிசையில் அசைந்தால் போதும். ஆனால் நிற்கத் தோதானவை ஏ6, பி6, ஜி6, எச்6 மட்டுமே. சி6, ஈ6 போனால் ராஜா வெட்டும். டி6, எஃப்6 போனால் சிப்பாய். எதிர் ரூக் நிற்கும் நிரலும் ஆகாது.

வெள்ளை ஈ6 தள்ளியதும், அப்போதுதான், ரூக் பி1. வெள்ளை ராஜா டி6 வந்து, ரூக்கால் ஏ8இல் மாட் என்று மிரட்டும். நம் ரூக் டி1இல் செக். ராஜா ஈ5, ஈ1இல் செக். ஒதுங்க இருந்த ஈ6 கட்டத்தைச் சொந்தச் சிப்பாயே அடைத்துவிட்டது. மாரி மழையில் கல்லடிப் பாலத்து நடுவில் குடையில்லாமல் நிற்கிற மாதிரி. தூரப் போனால் சிப்பாய் போய்விடும்.

சிப்பாய் ஈ5இல் இருக்கும்போதே பயந்து பி1க்கு இறங்கினால்? ராஜா டி6, செக், ராஜா ஈ6. இப்போது சிப்பாய் முதுகில் நின்று செக்கை மறைக்கிறது. உடனே தோல்வியில்லை, கறுப்பு ராஜா எஃப்8 போய்த் தாங்கலாம். மணிக்கூட்டில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்கையில் அது பெரும்பாடு.

இதைவிட மோசம், ரூக்கை எட்டாம் வரிசையில் காவல் வைப்பது. பி, ஜி சிப்பாய்க்கும் ஓரச் சிப்பாய்க்கும் அது தாங்கும். சி முதல் எஃப் வரை தாங்காது.

எதிராளி விடாமல் ஆடினால் ஐம்பது நகர்வு விதி இருக்கிறது. சிப்பாய் கடைசியாக நகர்ந்த பிறகு, கடைசி வெட்டுக்கும் பிறகு, இருவரும் ஐம்பது நகர்வு ஆடியிருந்தால் சமநிலை கேட்கலாம். ஐம்பதாவதை நகர்வு குறிக்கும் தாளில் எழுதிவிட்டு, காயைத் தொடாமல் நடுவரைக் கூப்பிட வேண்டும். தொட்டால் அந்த முறை கேட்க முடியாது. நீண்ட நேர ஆட்டத்தில் கணக்குப் பிழைத்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். "ஐம்பது முடிஞ்சுது சேர்" என்று வாயால் சொன்னால் எடுபடாது. நடுவர் முதலில் கேட்பது தாளைத்தான்.