தொட்டபெட்டாவுக்கும் மேலே ஒரு வகுப்பறை

எத்தியோப்பியாவில் பொறியியல் பாடம் நடத்த வேலை கிடைத்தபோது பாளையங்கோட்டையில் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே தைரியத்தைத்தான் சொன்னார்கள். "நம்ம ஊர் வெயிலைத் தாங்குனவனுக்கு ஆப்பிரிக்கா வெயில் எம்மாத்திரம்?" ஒருவர்கூட ஸ்வெட்டர் எடுத்துவைக்கச் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்த டெப்ரே பிர்ஹான், அடிஸ் அபாபாவுக்கு வடகிழக்கே 130 கிலோமீட்டரில் இருக்கிறது. அட்சரேகையைப் பார்த்தால் திருநெல்வேலிக்கு ஒரு டிகிரிதான் வடக்கே. ஆனால் உயரம் ஏறக்குறைய 2,800 மீட்டர். நம் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான்; தொட்டபெட்டா 2,637. கார்த்திகை, மார்கழி இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். பகலில் வெயில் காந்தும், நிழலுக்குள் போனால் குளிரும். உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும் என்பதால், குளிருகிறதே என்று தொப்பி இல்லாமல் நடந்தால் மூக்கு உரிந்துவிடும்.

குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்ளலாம். காற்றுக்கு என்ன செய்வது? ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் அதே 21 சதவீதம்தான். ஆனால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பத்தில் ஏழு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். முதல் வாரம் தலைவலி, அரைகுறைத் தூக்கம், மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடிக்கும். போனில் பேசும்போது அம்மா, "என்னய்யா இப்படி மூச்சு வாங்குது, ஓடிட்டு வந்தியா?" என்று கேட்பாள். உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருப்பேன். சிறுநீரகம் சுரக்கும் ஒரு ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, சிவப்பணுக்களைக் கூட்டும்; அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

அந்தச் சில வாரங்களும் வகுப்பு உண்டே! திருநெல்வேலிக்காரன் பேச்சு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஊசி நுழையாது. போர்டில் எழுதிக்கொண்டே அந்த வேகத்தில் பேசினால், சமன்பாடு முடியும் முன்பே மூச்சு முடிந்துவிடும். வேறு வழியில்லாமல் ஒரு வாக்கியம், ஒரு மூச்சு என்று பேச ஆரம்பித்தேன். அப்புறம்தான் பையன்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அவர்களில் பலருக்கு வீட்டில் அம்ஹாரிக், எனக்குத் தமிழ். நடுவில் இருவருக்கும் இரவல் ஆங்கிலம். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அவர்கள் யோசித்திருக்கிறார்கள். உடம்பு பழகிய பிறகும் நான் பழைய வேகத்துக்குப் போகவில்லை. ஆசிரியர் பயிற்சிகளில் உட்கார்ந்து குறிப்பெடுத்தும் எனக்கு வராத ஒன்று அது.

பாடம் வெப்ப இயக்கவியல் என்பதால் சமையலறையும் ஆய்வுக்கூடம்தான். அங்கே தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, திறந்த பானையில் துவரம்பருப்பு வேகாது. குக்கரும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் தன் அழுத்தத்தைச் சேர்க்கிறது. அதனால் உள்ளே சுமார் 120 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 115தான். ஊரில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து, ஆறு. எந்த அழுத்தத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று காட்டும் நீராவி அட்டவணை எதற்கு என்று கேட்ட மாணவர்களிடம் இந்தப் பருப்புக் கதையைத்தான் சொன்னேன். அம்மா கொடுத்துவிட்ட பொடி பாக்கெட்டுகள் எல்லாம் உப்பிப்போய் நின்றன. கெட்டுப்போகவில்லை, வெளியே அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் எப்போதும் உறைந்தே கிடந்தது. இட்லி மாவு புளிக்க இரண்டு நாள் ஆகும். கடைசியில் மாவைக் கைவிட்டு இஞ்செராவுக்கு மாறினேன். டெஃப் என்ற சிறுதானியத்தைப் புளிக்கவைத்து ஒரே பக்கம் சுடுவது; புளிப்பு நம் தோசையைவிடத் தூக்கல். புதன், வெள்ளியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் விரதம் என்பதால் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத பருப்புக் குழம்பு கிடைக்கும். அந்த இரண்டு நாளும் எனக்கு விருந்து.

கடிகாரம் தனிக் கதை. அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. மூன்று மணி வகுப்பு என்றால் நமக்குக் காலை ஒன்பது. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம், ஆண்டு எண்ணும் நம்மைவிட ஏழெட்டு குறைவு. சக ஆசிரியர்கள் இதைத்தான் பெரிய அதிசயமாகப் பேசினார்கள். தாத்தா வீட்டுப் பத்திரத்தில் கொல்லம் ஆண்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இன்னொரு வருடக் கணக்கு வந்து என்ன ஆகிவிடப்போகிறது?

ஒப்பந்தம் முடிந்து திரும்பியது அக்னி நட்சத்திரத்தில். கூடுதல் சிவப்பணுக்கள் இருந்ததால் சந்திப் பிள்ளையார் முக்கு வரை அரக்கப்பரக்க நடந்தாலும் மூச்சு வாங்கவில்லை; ஆனால் வியர்வையில் சட்டை ஒட்டி, தலை சுற்றியது. வெயிலுக்கு உடம்பு மறுபடி பழக இரண்டு வாரம் பிடித்தது. வெயிலைத் தாங்கினவன் என்று சொன்ன அதே சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

இப்போது ஊர்ப்பக்கமே ஒரு கல்லூரியில் வேலை. பேச்சு வேகம் மட்டும் ஏறவில்லை. வகுப்புகளைப் பதிவு செய்து போடுகிறேன். போன வாரம் ஒரு பையன் சொன்னான்: "சார், ஒங்க வீடியோவை மட்டும் ஒன்றரை மடங்கு வேகத்துல வச்சுத்தான் கேக்கோம்."