படிவத்தில் நான் எழுதிய இரண்டு சொற்கள்

நிமோனியாவுக்குச் சரியான மாத்திரை என் கைக்கு வந்து சேர்வதற்குள் காய்ச்சலின் எட்டாவது நாள் ஆகிவிட்டது. கிருமியைவிட, பதிவுப் படிவத்தில் என் கையாலேயே நான் எழுதிய ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்ற இரண்டு சொற்களே அந்தத் தாமதத்திற்குப் பெரிய காரணம் என்பதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

சிறு வயதில் ஏதோ ஒரு மருந்து சாப்பிட்டபோது எனக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனையாவது நாளில் தடித்தது, மூச்சுத் திணறியதா, முகம் வீங்கியதா என்று ஒருமுறைகூடக் கேட்காமல், நாற்பது ஆண்டுகளாக எல்லாப் படிவங்களிலும் அதையே எழுதி வந்தேன். காய்ச்சலின் மூன்றாம் நாள் என்னைப் பார்த்த மருத்துவர், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு நிமோனியாவாக இருக்கலாம் என்றார். படிவத்தைப் பார்த்துவிட்டு, பென்சிலின் வகைப் பக்கமே போகாமல் மூன்று நாளைக்கு அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒவ்வாமை எப்படிப்பட்டது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாத்திரை தீர்ந்த பிறகும் காய்ச்சல் 102 டிகிரியில் நின்றது. இழுத்து மூச்சு விட்டால் வலப்பக்க விலாவில் குத்தியது. தொலைபேசியில் கேட்டபோது, “அந்த மருந்து முடிந்த பிறகும் சில நாள் உடம்பில் இருந்து வேலை செய்யும், பொறுத்திருங்கள்” என்று வரவேற்பில் இருந்தவர் சொன்னார். அசித்ரோமைசின் உடலில் நெடுநேரம் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் சரியான மருந்து வேலை செய்தால் இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்க வேண்டும் என்பதும், இறங்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரை நேரில் பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. இன்னும் ஒரு நாளை வீணாக்கினேன்.

எட்டாம் நாள் காலையில் வேறொரு மருத்துவரிடம் போனேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது. மனக்குழப்பம் உண்டா, ரத்தத்தில் யூரியா எவ்வளவு, நிமிடத்திற்கு மூச்சு முப்பதை எட்டுகிறதா, ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறதா, வயது 65 ஆகிவிட்டதா என்று நோயின் தீவிரத்தை அளக்கும் ஐந்து விஷயங்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று கணக்குப் பார்த்தார். எதிலும் எனக்குப் புள்ளி விழவில்லை; ஆக்ஸிஜன் அளவும் சரியாக இருந்ததால் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாம் என்றார். அதன் பிறகுதான் ஒவ்வாமையைப் பற்றி ஒரு விசாரணையே நடத்தினார்.

அங்கிருந்தே அம்மாவை அழைத்தேன். ஐந்து வயதில், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்த நான்காம் நாள் மேலெல்லாம் சிவந்தது, அரிப்பு இல்லை, இரண்டு நாளில் தானாக மறைந்தது என்றார். குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போதே வைரஸால் இப்படிச் சிவப்பது சாதாரணம் என்றும், பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்லிக்கொள்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். எனக்குக் கைகொடுத்தது வேறொன்று: மூன்றாண்டுகளுக்கு முன் பல் வேருக்குச் சிகிச்சை எடுத்தபோது கிடைத்த மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருந்தது. அதில் இருந்தது அமாக்ஸிசிலின், பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஐந்து நாளும் சாப்பிட்டேன், ஒரு தடிப்பும் வரவில்லை. அந்தப் பழைய சீட்டை அழிக்காமல் வைத்திருந்த என் சோம்பலுக்கு நன்றி சொல்ல வேண்டும். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பென்சிலினைச் சாப்பிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம், மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தவர்களின் கதை முற்றிலும் வேறு.)

நிமோனியாவுக்கு மிகப் பொதுவான பாக்டீரியாவான நிமோகாக்கஸ் பல இடங்களில் அசித்ரோமைசினுக்கு அடங்குவதில்லை என்றும், வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு வீட்டுச் சிகிச்சையில் அமாக்ஸிசிலின் அல்லது டாக்சிசைக்ளினையே 2019 அமெரிக்க வழிகாட்டுதல் முதலில் சொல்கிறது என்றும் கூறிவிட்டு, அமாக்ஸிசிலின் எழுதினார். அமாக்ஸிசிலின் தாக்குவது கிருமியின் செல்சுவரை, மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிக்குச் செல்சுவரே இல்லாததால் இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது, ஆகவே மூன்று நாளில் மாற்றம் இல்லையென்றால் உடனே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

மருந்தகச் சாளரத்தில் சீட்டை நீட்டினேன். கணினித் திரையில் சிவப்பு எழுத்தில் ‘பென்சிலின் ஒவ்வாமை’. காலையில் இந்த இடத்துப் படிவத்திலும் பழக்கதோஷத்தில் அதையே எழுதியிருந்தேன்! அங்கிருந்த மருந்தாளுநர் மருந்து தர மறுத்தார். அவர் செய்தது சரிதான். ஆனால் பதிவைத் திருத்தும் அதிகாரம் தமக்கு இல்லை என்றார் அவர். மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்றது பதிவுப் பிரிவு. மருத்துவரோ உள்நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். இருமிக்கொண்டே மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சீட்டை எழுதும்போதே, ‘ஒவ்வாமை இல்லை என உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரியை அதிலேயே எழுதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் நாள் இரவில் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. ஐந்து நாளில் மருந்து முடிந்தது. இருமலும் களைப்பும் மட்டும் ஒரு மாதத்திற்கு மேல் இழுத்தன. அவை மெதுவாகத்தான் போகும், அதற்காக மேலும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவன் என்பதால் ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். நுரையீரல் தெளிந்திருந்தது. அன்று பதிவுப் பிரிவில் அச்சடித்துக் கொடுத்த சீட்டின் தலைப்பில் பழைய சிவப்பு வரி அப்படியே இருந்தது. திருத்தியது மருந்தகக் கணினியில் மட்டுமாம். கையெழுத்துக்காக மறுபடியும் அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.